இரண்டரை யூனிட்

ஜனவரி 9

அக்கா,

போனில் பேசினால் நீ "கத்தாதே" என்பாய், நான் வைத்துவிடுவேன். மின்னஞ்சலை உன் உதவியாளர் உனக்கு முன்பே படித்துவிடுவார். அதனால்தான் தபால். இதைத் தம்பியின் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கடைசிப் பேருந்து வந்து திரும்புகிற ஊரில், ஓர் இணைப்புக் கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவன், பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுத் தலைவருக்கு எழுதுகிறான். அவ்வளவுதான்.

ஜூலையில் வரப்போகும் புதிய பாடத்திட்டத்தின் வரைவு எங்களுக்கு வந்து சேர்ந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. முகவுரையில் 'உலகத் தரம்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று ஆசிரியர் அறையில் பந்தயம் கட்டினோம். சிரித்து முடித்தபின் கடைசிப் பக்கங்களுக்குப் போனேன். யாரும் படிக்காத அந்த இணைப் பட்டியல் அங்கேதானே இருக்கும். பழைய தாளில் தோற்றவர்கள் இனி புதியதில் எந்தத் தாளை எழுதித் தேறலாம் என்று சொல்லும் பட்டியல். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. 'டேட்டா ஸ்ட்ரக்சர்' என்ற வரிக்கு எதிரே ஒரு கோடு. கீழே பொடி எழுத்தில்: இணையான தாள் இல்லை.

பழைய தாளுக்குக் கடைசித் தேர்வு போன நவம்பரோடு முடிந்துவிட்டது. புதியதில் இணை இல்லை. அப்படியானால் அந்த ஒரு தாளை மட்டும் அரியராக வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள்? அதற்கும் விதி வைத்திருக்கிறீர்கள். முதலாண்டில் புதிதாகச் சேர்ந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டும். கரையேறுகிற இடத்தில் படியைப் பிடுங்கிவிட்டு, அக்கரைக்குப் போய் மறுபடி நீந்தி வா என்கிறீர்கள்.

உங்கள் வளாகத்தில் அரியர் வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்கே வகுப்பில் பாதிப் பேர். முட்டாள்கள் என்பதால் அல்ல. ஒருத்தியைச் சொல்கிறேன். அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கரண்ட்'. தையல் ஆலையில் வேலை. ஆலையில் மின்சாரம் போகிற நாளில் மட்டும் கல்லூரிக்கு வருவாள். ஆலைக்கும் எங்களுக்கும் ஒரே மின்தடம். ஆகவே அவள் வரும் நாளெல்லாம் எங்கள் ஆய்வகத்திலும் ஒரு கணினி ஓடாது. கரும்பலகையைப் பார்த்தே நிரல் எழுதப் படித்தவள். மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். இது ஒன்றில் மட்டும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள். பட்டம் வாங்கினால் அதே ஆலையில் ஊசிக்கு முன்னாலிருந்து எழுந்து, மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகலாம். இல்லையென்றால் முதுகு வளையும்வரை ஊசிதான்.

மார்ச்சில் கல்விப் பேரவை கூடி இந்தப் பட்டியலுக்கு முத்திரை குத்திவிடும். அதற்கு முன் அந்தக் கோட்டை அழித்து ஒரு தாளின் பெயரை எழுது. அது தவறி விழுந்த கோடு என்றுதான் இன்னும் நம்புகிறேன்.

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

தவறி விழுந்த கோடு இல்லை. நான் போட்ட கோடு.

நீ சொன்னபடி யாரோ ஓர் இணைப்புக் கல்லூரி ஆசிரியராக உன்னை நினைத்திருந்தால், 'தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய வழியில் முதல்வர் மூலம் அனுப்பவும்' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். தம்பியாக இருந்து தொலைத்ததால் விளக்குகிறேன்.

பழைய தாளின் பாடத்தில் அறுபது விழுக்காடாவது ஒரு புதிய தாளில் இருந்தால்தான் அதை இணை என்று போடலாம். இது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கும் விதி. டேட்டா ஸ்ட்ரக்சரை யார், எந்த மொழியில் நடத்துவது என்று எங்கள் துறையில் நடந்த சண்டை உனக்குத் தெரியாது. நீதான் இந்தத் துறை வேலையே வேண்டாமென்று பாதியில் ராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் எறிந்துவிட்டுப் போய்விட்டாயே. உன் அத்தான் சி மொழியை விடமாட்டேன் என்றார். எங்கிருந்தோ புதிதாக வந்திருக்கும் பேராசிரியர் ஒருவர், அவரை எல்லோரும் 'பைதான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதல் பருவத்திலேயே பைதானில் தொடங்க வேண்டும் என்றார். குழு கூடும்போதெல்லாம் இதே கூத்து.

"சட்டி எப்படிப் பண்றதுன்னு தெரியாமலே சோறு பொங்கலாம்னு சொல்றீங்க." இது அத்தான்.

"பசங்களுக்குப் பசிக்குது சார். நீங்க இன்னும் களிமண்ணு பிசைஞ்சிட்டு இருக்கீங்க." இது அவர்.

மற்ற தாள்கள் எல்லாம் காத்துக் கிடந்தன. கடைசியில் நான்தான் சொன்னேன்: பாதிப் பாதி. பழைய தாளை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி முதல் பருவத்தில் பைதானில், மறுபாதி மூன்றாம் பருவத்தில் சி மொழியில். இருவரும் வாயை மூடினார்கள். ஒரு வருடமாக நகராத தேர் அன்றுதான் நகர்ந்தது. ஆளுக்கு ஐம்பது விழுக்காடு. எந்தப் பாதியும் அறுபதைத் தொடவில்லை. அதனால் கோடு.

இதை யாரும் மறைத்துச் செய்யவில்லை. இணைப்புக் கல்லூரிகளின் பிரதிநிதியாக உன் முதல்வரும் அந்த மேசையில்தான் இருந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார். கையெழுத்துப் போட்டார்.

அத்தானுக்குக் கண் அறுவை முடிந்தது. நீ விசாரிக்கவில்லை. விசாரித்ததாகச் சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

ஐந்து யூனிட் உள்ள தாளை எப்படிப் பாதியாகப் பிரித்தீர்கள்? உன் கடிதத்தைப் படித்தபிறகுதான் எனக்கு இந்தச் சந்தேகமே வந்தது. வரைவை எடுத்து வைத்து வரி வரியாகப் பார்த்தேன். இரண்டரை, இரண்டரை. நடுவில் மாட்டிய யூனிட் 'மரங்கள்', தரவைக் கிளை கிளையாக அடுக்குகிற பாடம். அதை அறுத்துப் பிரித்திருக்கிறீர்கள். மரம் என்றால் என்ன, வேர் எது, கிளை எது என்பது முதல் பருவத்தில். அந்த மரத்தில் ஏறி இறங்கித் தேடுவது மூன்றாம் பருவத்தில். வருடம் முழுக்கப் பிள்ளை மரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சொத்துப் பிரிக்கிற அண்ணன் தம்பிகூட மாட்டை நடுவில் வெட்டிப் பங்கு போடமாட்டார்கள்.

அந்த அரை யூனிட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளு. ஒரு தாளுக்கு மூன்று யூனிட் வந்துவிடும். ஐந்தில் மூன்று அறுபது விழுக்காடு. கோடு போய்விடும். இந்தக் கணக்கு பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். உனக்குத் தெரியாதா? தெரியும். அத்தான் பக்கம் தள்ளினால் ஊர் பேசும். அத்தானிடமிருந்து தள்ளினால் வீடு பேசாது. உன் சாப்பாட்டு மேசை அமைதியாக இருப்பதற்காக இங்கே எத்தனை பேர் முதலாண்டு வகுப்பில் போய் உட்கார வேண்டும், சொல்.

உரிய வழி என்றாய். போனேன். முதல்வர் அறைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்க அக்காதான சேர்மன்? வீட்டுல பேசித் தீத்துக்குங்களேன். என்னை எதுக்குத் தம்பி நடுவுல இழுக்கறீங்க? எனக்கு ரிட்டையர்மெண்ட் வருது."

"நீங்க கையெழுத்துப் போட்ட பட்டியல் சார் அது."

"போட்டேன். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். மொய் எழுதறப்ப இதெல்லாம் பாப்பாங்களா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "மறுபடி சேந்தா நம்ம காலேஜுக்கும் அட்மிஷன்தானய்யா. நிர்வாகம் சந்தோஷமாத்தான் இருக்கு" என்றார்.

இதுதான் உன் உரிய வழி. சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொள்.

வரும் ஞாயிறு கரண்ட் உன் வீட்டுக்கு வருவாள். முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்தாலும் சேர்வாள். கோடு போட்ட கை, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளையும் ஒரு தடவை பார்க்கட்டும்.

தம்பி


பிப்ரவரி 4

தம்பி,

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண்ணை என் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறாய். உன் வீராப்புக்கு அவளைத் தூது அனுப்பியிருக்கிறாய். அவளுக்கு என்ன நடக்கும் என்று ஒரு கணமாவது யோசித்தாயா?

கதவைத் திறந்தது உன் அத்தான். ஒரு கண்ணில் கட்டு. அவளைப் பார்த்து, "வீட்டு வேலைக்கா? பின்பக்கமா வாம்மா" என்றார். நான் உள்ளே இருந்து கேட்டேன். ஓடி வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "இல்ல சார், சிலபஸ் விஷயமா வந்திருக்கேன்."

அத்தானுக்கு முகம் செத்துவிட்டது. உட்கார வைத்தார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டார். உன் அரை யூனிட் கணக்கை அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். நீ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய் என்பது அப்படியே தெரிந்தது. அவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "ஒரு லிங்க்டு லிஸ்ட் முன்னால புதுசா ஒண்ணைச் சேர்த்துக் காட்டு."

எழுதினாள். தப்பு. அந்தச் சங்கிலிப் பட்டியலின் பழைய முதல் கண்ணியைப் பிடித்துக்கொள்ளாமலே கையை விட்டுவிட்டாள். பின்னால் இருந்த மொத்தச் சங்கிலியும் போச்சு. ஆறு தடவை தேர்வு எழுதியவள், அடிப்படையில் தப்பு செய்கிறாள். அவர் பொறுமையாக எங்கே வழுக்கியது என்று காட்டினார். அவள் போனபிறகுதான் என்னிடம் திரும்பினார்.

"இவ பாஸ் பண்றதுக்குத்தான் என் தாளை உடைக்கச் சொல்றானா உன் தம்பி?"

இதற்கு நீ பதில் சொல்லேன். உன்னால் முடியாது.

இருந்தாலும் யோசித்தேன். குழுவைக் கூட்டாமல், யூனிட்டைத் தொடாமல் ஒரு வழி இருக்கிறது. பழைய தாளுக்கு இணையாக இரண்டு புதிய தாள்களையும் சேர்த்துப் போடலாம். இரண்டிலும் தேறினால் பழையதில் தேறியதாகக் கணக்கு. ஐம்பதும் ஐம்பதும் நூறு, விதிக்குக் குந்தகம் இல்லை. இதற்கு என் கையெழுத்தே போதும். எழுதி வைத்திருக்கிறேன்.

இனி என் வீட்டுக்கு யாரையும் அனுப்பாதே. அவமானம் அவளுக்கு மட்டும் நடக்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

ஒரு தாளில் தோற்றவளுக்கு இரண்டு தாள் தண்டனை. அதிலும் இரண்டாவது தாள் மூன்றாம் பருவத்தில்தான் முதல்முறையாக நடக்கும். அதற்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று நீயே கணக்குப் போடு. காயத்துக்குக் கட்டுப் போடச் சொன்னால் இன்னொரு காலையும் ஒடித்துவிட்டுச் சமமாகிவிட்டது என்கிறாய்.

கரண்ட் வந்து பேசினாள். பின்பக்கமாக வரச் சொன்னதை அவள் சொல்லவே இல்லை, உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னது இதுதான்: "அந்த சார் நல்லா சொல்லிக் குடுத்தாரு சார். எங்க விட்டுடுறேன்னு இப்பத்தான் புரிஞ்சுது. நீங்க கரும்பலகையில அழிச்சு அழிச்சு எழுதுவீங்களா, எது பழசு எது புதுசுன்னே தெரியாது." எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய். அத்தான் நல்ல வாத்தியார். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. நல்ல வாத்தியார்கள் எல்லாம் ஏன் அந்த வளாகத்துக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவள் தப்பாக எழுதினாள் என்று எதையோ நிரூபித்துவிட்டதுபோல் எழுதியிருக்கிறாய். அவள் மேதை என்று நான் உன்னிடம் சொன்னேனா? கோபுரத்து உச்சியில் வை என்று கேட்டேனா? அவள் தோற்கலாம். பத்துத் தடவை தோற்கலாம். தோற்பதற்கும் ஒரு தேர்வு வேண்டும் அக்கா. நீங்கள் அவளைத் தோற்கடிக்கவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொண்டு பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பாடத்திட்டம் எழுதக்கூடாது.

உள்ளேயிருந்து கேட்டுப் பார்த்துவிட்டேன். இனி வெளியே கேட்கப் போகிறேன். இங்கே ஒரு நிருபர் இருக்கிறார், அவருடைய தம்பிக்கும் இதே அரியர். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது.

தம்பி


பிப்ரவரி 20

'மனைவி தலைவர், கணவர் பேராசிரியர்: குடும்பச் சமரசத்தில் பலியான மாணவர்கள்.'

தலைப்பை நீ வைக்கவில்லை என்பாய். சரக்கு உன்னுடையதுதானே. 'பாதிப் பாதி' என்ற சொல்லைக் குழுவுக்கு வெளியே உனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும்தான் சொல்லியிருந்தேன். சாப்பாட்டு மேசை என்று எழுதியது நீ மட்டும்தான். அச்சில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கின்றன.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உன் கடைசிக் கடிதம் வந்த அன்று இரண்டு தாள் யோசனையைக் கிழித்துப் போட்டேன். உட்கார்ந்து பாடத்தைப் புதிதாக ஒரு தடவை படித்தேன். அரை மரத்தை எந்தப் பக்கம் தள்ளுவது? யோசிக்கவே வேண்டாம். மரத்தில் ஏற ரிகர்ஷன் தெரிய வேண்டும். தன்னைத்தானே திரும்பத் திரும்பக் கூப்பிடும் நிரலை எழுதத் தெரியாத பிள்ளைக்கு மரம் ஏறச் சொல்லித்தர முடியாது. ரிகர்ஷன் இருப்பது மூன்றாம் பருவத்தில், அத்தானுடைய தாளில். ஆகவே முழு மரமும் அங்கேதான் போக வேண்டும். காத்திருக்க வேண்டாதபடி, பழைய மாணவர்களுக்கு மட்டும் அந்தத் தாளின் தேர்வை இந்த நவம்பரிலேயே நடத்தவும் வழி கண்டுபிடித்தேன். தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடம் வாய்மொழியாகப் பேசி முடித்தாயிற்று. திருத்தத்தைத் தட்டச்சு செய்து பையில் வைத்திருந்தேன்.

இப்போது அதை எடுத்துக்கொண்டு பேரவையில் எழுந்து நின்று, 'அரை யூனிட்டை என் கணவருக்குக் கொடுக்கிறேன்' என்று சொல்லச் சொல்கிறாயா?

சரியான பக்கத்துக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டாய்.


பிப்ரவரி 27

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று விதமாகத் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

நீ மாற்றிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. நீ எப்போதும் இப்படித்தான். நல்லதை ரகசியமாகச் செய்வாய், கெட்டதைக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாய். இதில் உன் தப்பும் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். சொல்லிவிட்டேன். ஆனால் செய்தியில் என் தப்பும் இருக்கிறது. நான் மாணவர்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். வந்தது உங்கள் வீட்டைப் பற்றி.

நிர்வாகம் எனக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறது. 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்.' ஆய்வகத்தில் பாதிக் கணினி செத்துக் கிடப்பது களங்கம் இல்லையாம். முதல்வர் என்னைப் பார்த்தால் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறார், இந்த உடம்பை வைத்துக்கொண்டு. வேலை போனால் போகட்டும் என்று எழுத வருகிறது. போகக்கூடாது என்பதுதான் உண்மை.

பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "பேப்பர்ல வந்துடுச்சே சார், இனி கோடு போயிரும்ல?" தலையாட்டி அனுப்புகிறேன். கரண்ட் மட்டும் கேட்கவில்லை. "அந்த மேடம் முகத்துல இனி எப்படி சார் முழிப்பேன்" என்றாள்.

அக்கா, பேரவைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் முடியாதென்றால் இந்தப் பக்கம் தள்ளு. பைதான் தாளுக்கே கொடு. சரியான இடமோ தப்பான இடமோ, கோடு போகட்டும்.

அத்தான் கண் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பி,

கோடு போய்விட்டது. அந்த இடத்தில் முதல் பருவத்து பைதான் தாளின் பெயர் இருக்கிறது. முத்திரையும் விழுந்துவிட்டது. உன் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

நடந்ததைச் சொல்கிறேன், பிறகு வேறு யார் வாயிலோ கேட்காதே. முந்தின நாள் அத்தானிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "பேப்பர்காரன் சொன்னதுக்காகப் பாடத்தை மாத்துவியா? எனக்கே குடு. ஊர் பேசினா பேசிட்டுப் போகட்டும். ரெண்டு வாரம் பேசுவான், அப்புறம் வேற எவன் வீடாவது கிடைக்கும்" என்றார். அவர் தனக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். பாடத்துக்காகக் கேட்டார். நான் மாட்டேன் என்றேன்.

பேரவையில் நான் திருத்தத்தைப் படித்ததும் அவர் எழுந்தார். எல்லோரும் செய்தியைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

"தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. ரிகர்ஷன் தெரியாத பிள்ளை மரத்துல எப்படிங்க ஏறும்?"

எனக்குப் பதில் தெரியும். ஏறாது. விழும். அதைச் சொல்லாமல், "ஓட்டுக்கு விடலாம்" என்றேன். கைகள் உயர்ந்தன. பைதான் பேராசிரியரின் கை முதலில். அந்தக் கைகளில் ஒன்றுக்குக்கூட மரத்தைப் பற்றிய கவலை இல்லை, உன் பிள்ளைகளைப் பற்றியும் இல்லை. பத்திரிகையில் அடுத்து தன் பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவலைதான். எதிர்த்து உயர்ந்தது ஒரே கை. அத்தானுடையது. அவர்தான் சரி என்று தெரிந்தே அவரைத் தோற்கடித்தேன்.

இப்போது வீட்டில் பேச்சு இல்லை. கண்ணுக்கு மருந்து விடும்போது மட்டும் "மேல பாருங்க" என்கிறேன். பார்க்கிறார். டீன் பதவிக்குப் பரிந்துரைத்த பட்டியலில் என் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டேன். அது கிடக்கட்டும்.

நீ சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றை யோசி. ஜூலையில் சேரப்போகிற பிள்ளைகள் ரிகர்ஷன் படிக்காமலே மரம் ஏற வேண்டும். வளாகத்துப் பிள்ளைகள் கவலைப்படமாட்டார்கள், வீட்டில் கணினி இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, இணையத்தில் பார்த்துத் தாண்டிவிடுவார்கள். விழப்போவது உன் கல்லூரியில். பழைய பிள்ளைகளுக்குப் படி போட, புதிய பிள்ளைகளின் படியிலிருந்து ஒரு கல்லை உருவியிருக்கிறோம். நான் ஒரு கை, நீ ஒரு கை. அவர்களுக்காகவும் நீ எனக்கு ஒரு கடிதம் எழுதுவாய் என்று தெரியும். 'ஒருத்தியைச் சொல்கிறேன்' என்று தொடங்குவாய்.

அக்கா


ஜனவரி 22

அக்கா,

இத்தனை மாதம் எழுதவில்லை. எழுதினால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும், அல்லது சண்டை போட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் முடிவுகள் வரட்டும் என்று இருந்தேன். நேற்று வந்துவிட்டன.

நவம்பர் தேர்வில் பழைய அரியர்க்காரர்களையும் புது முதலாண்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒரே கேள்வித்தாள். பள்ளிச்சீருடை வாசனை போகாத பையன் ஒருவன் பக்கத்தில், ஆலை அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்த கரண்ட்.

நீ சொன்னதுதான் நடந்தது. புதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் மரத்தில் விழுந்துவிட்டார்கள். இது நடக்கக்கூடாது என்று ஆகஸ்ட் முதல் சனிக்கிழமைகளில் ரிகர்ஷன் வகுப்பு எடுத்தேன். முதல்வர் வந்து நின்றார். "சிலபஸ்ல இல்லாததுக்கு ரூம் எதுக்குத் தம்பி?" சிலபஸில் இல்லாததால்தான் என்றேன். புரியவில்லை. வகுப்புக்கு வர முடிந்தவர்கள் தேறினார்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் விழுந்தார்கள். எப்போதும் போல, யார் விழுவார்கள் என்பதை வருகைப் பதிவே சொல்லிவிட்டது. இதில் என் கை இருக்கிறது. உன் கையைக் காட்டி ஒளிந்துகொள்ள மாட்டேன்.

ரிகர்ஷனை முதல் பருவத்துக்குக் கொண்டுவரும் திருத்தம் ஒன்றை எழுதியிருக்கிறேன். வேறு எந்த யூனிட்டை எவ்வளவு சுருக்கினால் இடம் கிடைக்கும் என்ற கணக்கோடு. யாருடைய தாளையும் உடைக்காமல் வருகிறது, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். உரிய வழியில் முதல்வர் கையெழுத்தோடு வரும். அவர் தூணுக்குப் பின்னால் போனார், நானும் போனேன். உன் குழு ஏற்குமா மாட்டாதா என்பது உங்கள் பாடு. ஏற்கவில்லையென்றால் மறுபடி எழுதுவேன். நிருபரிடம் போகமாட்டேன். அத்தானிடம் ஒரு பிரதி கொடு. தப்பு இருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார்.

பழைய அரியர்க்காரர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுத வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் என் காலில் விழப் பார்த்தான், திட்டி அனுப்பினேன்.

கரண்ட் தேறவில்லை.

மத்தியானம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் போன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள், நான் ஏற்கனவே பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும்.

"போச்சு சார்."

"மரமா?"

"மரம் எழுதிட்டேன் சார். அதுல தேடறத எழுத வேகம் பத்தல. கடைசிக் கேள்வியத் தொடவே இல்ல, மணி அடிச்சிட்டாங்க."

ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்காக வந்ததுபோல் தெரியவில்லை. அடையாள அட்டைக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்தது எப்ப சார்?"

"ஏப்ரல்."

"ஏப்ரலா? அப்ப நேரம் இருக்கு" என்றாள். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கி ஓடினாள்.

தம்பி